சேமிப்பிலுள்ள பழைய வானூர்திப் பொறியை மதிப்பிடல்

சேமிப்பிலுள்ள பழைய வானூர்திப் பொறியை மதிப்பிடல் என்பது, பல ஆண்டுகளாக இயக்கப்படாமல் பெட்டியிலோ தாங்கியிலோ வைக்கப்பட்டிருக்கும் பிஸ்டன் வகைப் பொறி ஒன்றை, இயக்கிப் பார்க்காமலேயே விலை கணிக்கும் முறையாகும். சொத்துப் பிரிவினை, காப்பீடு, அருங்காட்சியகத்துக்கு நன்கொடை, விற்பனை முதலிய தேவைகளுக்காக இது செய்யப்படுகின்றது. இக்கட்டுரை ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் பொறியை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையை விளக்குகின்றது.

பறக்கும் நிலையிலுள்ள மெர்லின் ஒன்றின் விலையைக் கேள்விப்பட்ட ஒருவர், தம் கொட்டகையில் கிடக்கும் பொறிக்கும் அதே விலையை எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் கொட்டகையில் இருப்பது, பெரும் பொருட்செலவில் பழுதுபார்த்தால் மீண்டும் பறக்கக்கூடும் என்னும் வாய்ப்பு மட்டுமே. அவ்வாய்ப்பு எவ்வளவு என்பதையே மதிப்பீட்டாளர் கணிக்கிறார்.

எந்தப் பொறி என அறிதல்

மெர்லின், 27 லிட்டர் கொள்ளளவும் 12 சிலிண்டர்களும் கொண்ட, திரவத்தால் குளிர்விக்கப்படும் வி வடிவப் பொறியாகும். இது முதன்முதலில் 1933 இல் இயக்கிப் பார்க்கப்பட்டது. பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலுமாகச் சுமார் 1,50,000 மெர்லின்கள் செய்யப்பட்டன. இவற்றுள் 55,000க்கும் மேற்பட்டவை டெட்ராயிட் நகரின் பேக்கார்ட் நிறுவனத்தில் செய்யப்பட்டவை.

ஆகவே "மெர்லின்" என்னும் பெயர் மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. அரிக்கேன், தொடக்ககால இசுபிட்ஃபயர், இலங்காசுட்டர் ஆகிய வானூர்திகளின் பொறிகளில் ஒற்றைக்கட்ட சூப்பர்சார்ஜர் இருந்தது. இசுபிட்ஃபயர் 9, பி-51டி மசுட்டாங்கு ஆகியவற்றில் இரட்டைக்கட்ட சூப்பர்சார்ஜர் இருந்தது. ஒரு வகையை மற்றொன்றின் இடத்தில் அப்படியே பொருத்த இயலாது. எனவே எந்த வானூர்தியைப் புதுப்பிப்போர் அதிகமாக உள்ளனரோ, அதற்குரிய வகைக்கே கூடுதல் விலை கிடைக்கும்.

மெர்லினிலிருந்து உருவான மீட்டியோர் என்னும் தாங்கிப் பொறியையும் மெர்லின் எனக் கருதிச் சிலர் விற்க முயல்வதுண்டு. குரோம்வெல், செஞ்சூரியன் ஆகிய பீரங்கி வண்டிகளில் பயன்பட்ட இப்பொறியில் சூப்பர்சார்ஜரும் இல்லை. முன்புறத்தில் சுழலி பொருத்துவதற்கான வேகக்குறைப்புப் பல்சக்கரமும் இல்லை. இவ்விரண்டையும் பார்த்தாலே குழப்பம் தீர்ந்துவிடும்.

பொறியின் அடையாளத் தகட்டில் வகையும் தொடர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். துப்புரவு செய்கையில் இத்தகட்டைக் கழற்றி நினைவுப் பொருளாக வைத்துக்கொள்வது பெருந்தவறு. ஐக்கிய அமெரிக்காவில் உரிய ஒப்புதலின்றித் தகட்டை அகற்றுவதோ மாற்றுவதோ விதிகளுக்குப் புறம்பானது. தகடு பிரிந்துவிட்டால், அது எப்பொறிக்குரியது எனப் பின்னர் நிறுவுவது கடினம்.

எண்ணிக்கையும் தேவையும்

அரிதான பொறிக்கே அதிக விலை என்று பலர் எண்ணுகின்றனர். இது பாதியளவே உண்மை. பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் ஆர்-1830 டுவின் வாஸ்ப், 1,73,618 என்னும் எண்ணிக்கையில் செய்யப்பட்ட பொறியாகும். எனினும் டி.சி.-3 வானூர்திகள் இன்றும் பறப்பதால் அதற்கு வாங்குவோர் உள்ளனர். அதே நிறுவனத்தின் ஆர்-985 பொறி, கனடாவிலும் அலாசுக்காவிலும் ஏரிகளில் இறங்கும் பீவர் வானூர்திகளில் இன்னமும் உழைக்கின்றது. மாறாக, எந்த வானூர்தியும் எஞ்சாத ஓர் அரிய பொறியை அருங்காட்சியகங்கள் மட்டுமே கேட்கும். அவற்றின் நிதியோ சிறிது. செருமானிய டி.பி. 605 பொறியில் அருமையும் தேவையும் ஒன்றுசேர்கின்றன. எஞ்சியவை மிகச் சில. மெசர்சுமிட் பிஎப் 109 ஐப் பறக்க வைக்க விரும்புவோருக்கோ அதுவே வேண்டும்.

ஆவணங்கள்

பதிவேட்டில் மொத்த இயக்க நேரம், இறுதியான முழுப் பழுதுபார்ப்புக்குப் பின் இயங்கிய நேரம், செய்தவர் கையொப்பம் ஆகியன இருக்க வேண்டும். "பழுதுபார்ப்புக்குப் பின் 0 மணி" என்னும் வரி பலரை மயக்குகின்றது. அப்பழுதுபார்ப்பு 1945 இல் நடந்திருந்தால் அடைப்பு வளையங்களும் ரப்பர் உறுப்புகளும் அப்போதிருந்தே முதுமையடைந்து வந்துள்ளன. பொறியை மீண்டும் பிரித்தே ஆக வேண்டும். முழுப் பழுதுபார்ப்பு வேறு, பதிவேட்டையே 0 மணியிலிருந்து தொடங்குவது வேறு. பின்னதை, அமெரிக்க விதிகளின்படி, தயாரிப்பாளரோ அவரது ஒப்புதல் பெற்ற அமைப்போ மறுகட்டமைத்த பொறிக்கு மட்டுமே செய்யலாம்.

பதிவேடு இல்லாத பொறி விலையற்றதன்று. ஆயினும் அதன் உறுப்புகள் ஒவ்வொன்றையும் அளந்து, விரிசல் சோதனை செய்த பின்னரே பறப்புக்குப் பயன்படுத்த இயலும். ஆவணத்தில் பொய் இருந்தால் பாதிக்கப்படுவது வாங்குபவரின் பணம் மட்டுமன்று. ஒற்றைப் பொறி வானூர்தியில் விமானியின் உயிரும் அதையே நம்பியுள்ளது.

நிலையைப் பரிசோதித்தல்

முதல் விதி, பொறியைச் சுழற்றிப் பார்க்கக் கூடாது என்பதாகும். "சுழல்கிறதா?" என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி, அதனாலேயே பல பொறிகள் கெட்டுள்ளன. ஆர வடிவப் பொறிகளில் எண்ணெய் மெல்ல வடிந்து கீழ்ப்புறச் சிலிண்டர்களில் தேங்கும். திரவம் அழுந்தாது. ஆகையால் அந்நிலையில் சுழற்றினால் இணைப்புத் தண்டு வளையும். வளைந்த தண்டு வெளியே தெரியாமல், பின்னொரு நாள் பறக்கும்போது முறியக்கூடும். மெர்லினின் சிலிண்டர்கள் மேல்நோக்கியவை. ஆனால் சிலிண்டர் சுவரில் துரு படிந்திருந்தால் பிஸ்டன் வளையங்கள் அத்துருவை இழுத்துச் சுவரைக் கீறிவிடும்.

மாறாக, தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, அத்துளைகளின் வழியே மெல்லிய உள்நோக்குக் கருவியைச் செலுத்திச் சிலிண்டர் சுவர்களைப் பார்க்க வேண்டும். முறையாகச் சேமிக்கப்பட்ட பொறியில் செருகிகளுக்குப் பதிலாக ஈரமுறிஞ்சி நிரப்பிய அடைப்பான்கள் இருக்கும். அவற்றிலுள்ள சிலிக்கா மணிகள் உலர்ந்த நிலையில் நீலமாகவும், ஈரம் ஏறியபின் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். இளஞ்சிவப்பு மணிகள், எவரும் நெடுங்காலம் கவனிக்கவில்லை என்பதன் அடையாளமாகும்.

மெர்லினில் குளிர்விப்பு நீர்மம் செல்லும் வழிகளையும் ஆராய வேண்டும். நீர்மத்தை வடிக்காமல் விட்டிருந்தால் அலுமினியம் உள்ளிருந்தே அரிக்கப்பட்டிருக்கும். வெளித்தோற்றம் பளபளப்பாகவே இருக்கும். கடற்கரைக் கொட்டகையில் இருந்த பொறிகளில் மக்னீசியக் கலப்புலோக உறுப்புகள் வெண்பொடியாக உதிர்வதைக் காணலாம். கார்புரேட்டர், மாக்னீட்டோ, சூப்பர்சார்ஜர் உறை ஆகியன உடன் உள்ளனவா எனப் பட்டியலிட வேண்டும். முதலில் கழற்றிச் செல்லப்படுபவை இவையே. பேக்கார்ட் மெர்லின் அமெரிக்காவில் செய்யப்பட்டபோதும் அதன் திருகுமரைகள் பிரித்தானிய அளவிலேயே உள்ளன. அமெரிக்கத் திருகுகள் பொருத்தப்பட்டிருந்தால், பழக்கமற்ற ஒருவர் அதில் கைவைத்துள்ளார் எனக் கொள்ளலாம்.

கணக்கிடும் முறை

கீழுள்ள எண்கள் முறையை விளக்குவதற்காகக் கொள்ளப்பட்டவை. சந்தை விலைகள் அல்ல. முழுமையாகப் பழுதுபார்க்கப்பட்ட பொறியின் விலை 100 எனவும், பழுதுபார்க்கும் செலவு 65 எனவும் கொள்க. பொறி நல்லதெனில் அதன் இன்றைய மதிப்பு 35. உட்கூடு அரிக்கப்பட்டிருந்தால் உதிரி உறுப்புகளாக 12 கிடைக்கும். நல்லதாயிருக்கும் வாய்ப்பு 60 விழுக்காடு எனில், 35இன் 60 விழுக்காடு 21, 12இன் 40 விழுக்காடு 4.8, கூட்டுத்தொகை 25.8. ஏற்றிச் செல்லும் செலவு 3 போக, ஏறத்தாழ 23.

உள்நோக்குக் கருவியால் பார்த்தபின் வாய்ப்பு 85 விழுக்காடாக உயர்ந்தால் மதிப்பு 28.5 ஐத் தாண்டும். ஓர் அரைநாள் வேலைக்கு இது நல்ல ஊதியமே. மறுபுறம், வாய்ப்பு 60 விழுக்காடாகவே இருக்க, பழுதுபார்க்கும் செலவு 65இலிருந்து 80 ஆக உயர்ந்தால் மதிப்பு 14க்கும் கீழே வீழ்கின்றது. பொறிமனைகளின் கூலி சற்று ஏறினாலும் பழுதுபார்க்காத பொறியின் விலை பேரளவு இறங்குவது இதனாலேயே.

வாங்குவோர்

பறப்பவர், அருங்காட்சியகம், வண்டியில் ஏற்றித் தரையில் இயக்கிக் காட்டுபவர், உதிரி வணிகர் என வாங்குவோர் வேறுபடுவர். தரையில் இயக்குபவருக்குப் பறப்புச் சான்று வேண்டியதில்லை. ஆகவே பதிவேடற்ற பொறிக்கு அவரே நல்ல விலை தரக்கூடும். நெவாடாவின் ரீனோ நகரில் 1964 முதல் 2023 வரை நடந்த வானூர்திப் பந்தயங்களும் மெர்லின் உறுப்புகளுக்குத் தனித் தேவையை உண்டாக்கின. போருக்குப் பிந்திய போக்குவரத்து மெர்லின்களின் சிலிண்டர் தொகுதிகளைப் பந்தயக்காரர்கள் விரும்பித் தேடினர்.

அறிக்கை

மதிப்பீட்டு அறிக்கையில் நோக்கம், நாள், பார்த்தவை, பார்க்காதவை ஆகிய நான்கும் எழுதப்படுதல் வேண்டும். காப்பீட்டுக்கான தொகை, அதே போன்ற பொறியை மீண்டும் வாங்க ஆகும் செலவாகும். விற்பனைத் தொகை பெரும்பாலும் அதனினும் குறைவு. இரண்டையும் ஒரே எண்ணாக எழுதுவது வாரிசுகளிடையே வழக்கு எழக் காரணமாகலாம். சிலிண்டர்கள் பார்க்கப்படவில்லையெனில் அதைக் குறிப்பிட்டு, விலையை ஒற்றை எண்ணாக அன்றி மேல் எல்லை, கீழ் எல்லை என இரண்டாகத் தருவதே முறை.