இன்னொரு மருத்துவரைக் கேட்கலாமா?

சென்ற திருவருகைக் காலத்தில் ஒரு ஞாயிறன்று, இரண்டாம் திருப்பலி முடிந்து நாம் கோவிலை விட்டு வெளியே வந்தபோது, தாய் ஒருவர் வேப்பமரத்தடியில் நமக்காகக் காத்து நின்றார். கையில் ஒரு துணிக்கடைப் பை; அதனுள் ஸ்கேன் அறிக்கையும் மருந்துச் சீட்டுகளும். சற்றுத் தொலைவில், மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளோடு சேராமல், அவருடைய 16 வயது மகள் தலை குனிந்து நின்றாள். "ஃபாதர், நாங்க வேற டாக்டர்கிட்ட காட்டினா இந்த டாக்டரம்மா கோவிச்சுக்குவாங்களா?" என்பதே அத்தாயின் முதற் கேள்வி. நோயைப் பற்றி அவர் கேட்கவில்லை; மருத்துவரின் மனவருத்தத்தைப் பற்றியே கேட்டார்.

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பகுதிகளில் இதே கேள்வியை உள்ளத்தில் சுமந்து திரியும் குடும்பங்கள் வேறும் உண்டு. ஆதலின், இவர்களுடைய இசைவோடும், இன்னாரென்று அறியவொண்ணாதபடி சில விவரங்களை மாற்றியும் இதை எழுதத் துணிந்தோம்.

அப்பெண்ணுக்கு மூன்று மாதங்களுக்கு மேலாக மாதவிடாய் வரவில்லை. ஸ்கேன் எடுத்ததில் சினைப்பைகளில் நீர்க்கட்டிகள் என்று அறிக்கை வந்தது. ஐந்து நிமிடங்களில் மாத்திரை எழுதப்பட்டது. "காலாகாலத்தில் கலியாணத்தை முடித்துவிடுங்கள், பிறகு குழந்தை நிற்பது கடினம்" என்ற சொல்லும் உடன் வந்தது. மருந்துக்கடையில் ஒருவர், "இது கருத்தடை மாத்திரையாச்சே" என்று முணுமுணுக்க, நடுங்கிப்போன தாய் அதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டார். தந்தைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால், உறவில் ஒரு மாப்பிள்ளையைப் பற்றிய பேச்சு மட்டும் வீட்டில் தொடங்கிவிட்டது. பதினோராம் வகுப்பில் படிக்கும் பிள்ளைக்கு! சட்டமும் ஒப்பாது, திருச்சபையும் ஒப்பாது என்று அங்கேயே சொன்னோம்.

நம் மக்கள் இதைக் 'கர்ப்பப்பையில் நீர்க்கட்டி' என்கின்றனர். உண்மையில் இது கர்ப்பப்பையில் உள்ளதும் அன்று, கட்டியும் அன்று. சினைப்பையில் முழு வளர்ச்சி பெறாமல் பாதியில் நின்றுபோன சிறு முட்டைப்பைகளே ஸ்கேனில் மணிகளைப் போல் தெரிகின்றன. 1935-ஆம் ஆண்டு சிக்காகோ நகர மருத்துவர்கள் இர்விங் ஸ்டைன், மைக்கேல் லெவெந்தால் ஆகிய இருவரும் ஏழு பெண்களிடம் கண்ட குறிகளைத் தொகுத்து எழுதினர். அன்று கண்ணில் பட்டதை வைத்தே கட்டி என்ற பெயரும் நிலைத்துவிட்டது. இன்று பி.சி.ஓ.எஸ். எனப்படும் இக்கோளாறு, சுரப்பு நீர்களின் சமநிலை குலைவதாலும், பலரிடம் இன்சுலின் சரிவர வேலை செய்யாமையாலும் நேர்வது. பிள்ளைப்பேற்று வயதிலுள்ள பெண்களில் 100-க்கு 6 முதல் 13 பேருக்கு இது உண்டென்றும், அவர்களுள் பெரும்பாலோர் அதை அறியாமலே இருக்கின்றனர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இதைக் கண்டறிய 2003-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் கூடிய வல்லுநர்கள் மூன்று குறிகளை வகுத்தனர். மாதவிடாய் ஒழுங்கின்மை ஒன்று. முகத்தில் முடி, கடும் பரு முதலிய ஆண்தன்மைச் சுரப்பின் மிகுதி மற்றொன்று. ஸ்கேனில் தெரியும் சினைப்பைத் தோற்றம் மூன்றாவது. இவற்றுள் இரண்டேனும் இருக்கவேண்டும். தைராய்டு, புரோலாக்டின் போன்றவற்றின் கோளாறுகள் இல்லையென்றும் உறுதிசெய்யவேண்டும். வளரிளம் பெண்களுக்கோ அளவுகோல் இன்னும் கடுமையானது. முதல் இரண்டு குறிகளும் சேர்ந்தே இருக்கவேண்டுமென்றும், அவ்வயதில் ஸ்கேனைக் கொண்டு முடிவு சொல்லலாகாதென்றும் 2023-இல் வெளிவந்த பன்னாட்டு வழிகாட்டி அறிவுறுத்துகிறது. நல்ல உடல்நலமுள்ள பெண்பிள்ளைகளின் சினைப்பையும் அவ்வயதில் அவ்வாறே தோன்றுவதுண்டு என்பதே காரணம்.

எனவே, ஒரு ஸ்கேன் தாளை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் வாழ்வைத் தீர்மானிக்க முற்படும்போது, இன்னொரு மருத்துவரைக் கேட்பது அவமதிப்பு ஆகாது. பெற்றோரின் கடமையே ஆகும். நம் நாட்டில் தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் இரண்டாம் கருத்தைக் கேட்கும் உரிமையும் இடம்பெற்றுள்ளது; 2019-இல் மத்திய அரசு அச்சாசனத்தை மாநிலங்களுக்கு அனுப்பியது. நோயாளர் கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்திற்குள் தரவேண்டுமென்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நெறிமுறை விதி. கெஞ்ச வேண்டியதில்லை, பணிவோடு கேட்டால் போதும்.

ஆனால், கேட்கும் முறை ஒன்று உண்டு. சிலர் முதல் மருத்துவர் சொன்னதை மறைத்து, புதியவரைச் சோதித்துப் பார்க்க எண்ணுகின்றனர். பயன், அதே இரத்தப் பரிசோதனைக்கு மீண்டும் செலவு. எல்லாத் தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள். பூப்பெய்திய வயதையும், கடந்த ஓராண்டில் மாதவிடாய் வந்த நாள்களையும் எழுதிச் செல்லுங்கள். எந்தெந்தக் குறிகளைக் கொண்டு இந்நோய் என்கிறீர்கள், தைராய்டு பார்த்தாயிற்றா, சர்க்கரை பார்க்கவேண்டுமா, இம்மாத்திரை எதற்காக, எவ்வளவு காலம் என்று கேளுங்கள். மகளிர் நோய் மருத்துவரோடு, சுரப்பிகளை ஆராயும் மருத்துவரையும் காணலாம். பணத்திற்கு எங்கே போவது என்போருக்கு, தாம்பரத்தில் மின்ரயில் ஏறினால் வடக்கே எழும்பூரில் 1844-இல் தொடங்கிய அரசு மகளிர் மருத்துவமனை உண்டு; தெற்கே செங்கற்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. கூட்டம் மிகுதி, காலையிலேயே புறப்படுவது நலம்.

பிடித்தமான விடை கிடைக்கும்வரை மருத்துவர் மாற்றி மருத்துவரைத் தேடுவது வேறு. பன்னிரண்டு ஆண்டு இரத்தப்போக்கினால் வருந்திய பெண், மருத்துவர் பலரிடம் உள்ளதையெல்லாம் செலவழித்தும் நோய் முற்றியதே என்று மாற்கு எழுதுகிறார். மருத்துவராகிய லூக்கா அந்நோய் முற்றியதை மட்டும் நாசூக்காக விட்டுவிடுகிறார்! குருமடத்தில் இதைச் சொல்லிச் சிரித்ததுண்டு. அதே திருநூலில்தான் சீராக் ஞானியார் மருத்துவரை மதிக்கச் சொல்வதும் உள்ளது.

மாத்திரையைப் பற்றியும் ஒரு சொல். கருத்தடைக்கென அறியப்படும் மாத்திரையே இந்நோயில் மாதவிடாயை ஒழுங்குபடுத்தவும், ஆண்தன்மைச் சுரப்பைக் குறைக்கவும் மருந்தாகத் தரப்படுகிறது. உடல்நோயைக் குணமாக்கத் தேவையான சிகிச்சையைத் திருச்சபை தவறெனக் கருதுவதில்லை என்று, 1968-இல் வெளிவந்த 'மனித உயிர்' சுற்றுமடலின் 15-ஆம் பத்தியிலேயே திருத்தந்தை ஆறாம் பவுல் தெளிவுபடுத்தியுள்ளார். அரிசிப் பானைக்குள் ஒளிக்கவேண்டிய பொருள் அன்று அது. அப்பெண்ணுக்கு அது வேண்டுமா என்பதே மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்வி.

இங்கே நமது பிழை ஒன்றையும் மறைக்கலாகாது. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில், இதே கவலையோடு வந்த தாயிடம், "செபியுங்கள், திருமணமானால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பினோம். அம்மகள் கருவுற்றது உண்மையே. ஆனால் கருக்காலத்தில் சர்க்கரை மிகுந்து பெரிதும் துன்புற்றாள். இக்கோளாறு உள்ளவர்களுக்கு அவ்வாபத்து மிகுதி என்பதையும், முன்னரே சோதித்திருக்கலாம் என்பதையும் பின்னரே அறிந்தோம். செபிக்கச் சொன்னதில் தவறில்லை. மருத்துவரிடம் போகச் சொல்லாததே தவறு.

வேப்பமரத்தடியில் நின்ற தாயிடம், முதலில் கணவரிடம் சொல்லுங்கள் என்றோம். தயங்கித் தயங்கிச் சொன்னாராம். நாம் அஞ்சியதற்கு மாறாக, அத்தந்தை மறுநாளே விடுப்பெடுத்து, மகளையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு ரயிலேறினார். இரண்டாம் மருத்துவர் பெற்றோரைச் சிறிது வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் தனியே பேசினார். எது உன்னை வருத்துகிறது என்று அவளைக் கேட்ட முதல் மனிதர் அவரே. மாதவிடாய் அன்று, மாப்பிள்ளைப் பேச்சே அவளை உறங்கவிடாமல் செய்திருந்தது. இரத்தப் பரிசோதனைகளில் குறிப்பிடத்தக்க கோளாறு இல்லை. நோயென்று இப்போதே பெயர் சூட்டவேண்டாம், ஆறு மாதம் கவனிப்போம், மீண்டும் 90 நாள்களுக்கு மேல் தள்ளிப்போனால் உடனே வாருங்கள் என்றார். முதல் மருத்துவரின் ஐயம் நாளை மெய்யாகவும் கூடும். அதை அவரும் மறுக்கவில்லை. அப்போதும், முறையான சிகிச்சையால் குழந்தைப்பேறு அடைவோர் பலர் என்று எடுத்துரைத்திருக்கிறார்.

அண்மையில் வீடு மந்திரிக்கச் சென்றபோது, சுவரில் தொங்கிய மறைமாவட்ட நாட்காட்டியைக் கண்டோம். சுத்தபோசன நாள்களைக் குறிக்கும் மீன் படங்களுக்கு நடுவே, ஆங்காங்கே பென்சிலால் இட்ட சிறு புள்ளிகள். "இது என் கணக்கு, ஃபாதர்" என்றாள் அப்பிள்ளை. தந்தை காப்பி வாங்க வெளியே போயிருந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கு அவரே பதில் சொல்லி அனுப்பிவிட்டதாகத் தாய் சொன்னார்.