ஓடைக்கரையில் ஒரு பகல்



பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அவர்களிடம் இந்த விடுகதையைப் போட்டுப் பாருங்கள். வாயைப் பார்த்தால் வாத்து. உடம்பைப் பார்த்தால் நீர்நாய். காலைப் பார்த்தால் தவளையைப் போல் விரலிடைத் தோல். முட்டையிடும், குஞ்சு பொரித்தபின் பாலும் கொடுக்கும். அது என்ன?

விடை, பிளாட்டிபஸ். தமிழில் இதனை வாத்தலகி என்பர். ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியிலும் தாஸ்மேனியாத் தீவிலும் உள்ள ஆறுகளும் ஓடைகளுமே இதன் சொந்த வீடு. அந்நாட்டு நாட்டுப்புறக் குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. விடுமுறை நாளில் சாப்பாடு கட்டிக்கொண்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, ஏதாவது ஓர் ஓடைக்கரைக்குப் போவார்கள். பகல் முழுவதும் அங்கே இருந்துவிட்டு இரவு வீடு திரும்புவார்கள். இந்தப் பயணத்துக்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை. அடக்கமும் பொறுமையும் வேண்டும். அவை ஏன் வேண்டும் என்பதையே இன்று பார்க்கப்போகிறோம்.

எடுத்துக்காட்டாக ஓரிடத்தைச் சொல்கிறேன். குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் கடற்கரையில் மெக்காய் என்னும் நகரம் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் போனால் யங்கெல்லா தேசியப் பூங்கா. வழி நெடுகிலும் கரும்புத் தோட்டங்கள். அறுவடைக் காலத்தில் சிறு ரயில் வண்டிகள் வெட்டிய கரும்பை ஏற்றிக்கொண்டு சாலையைக் குறுக்கே கடந்து ஆலைக்குப் போகும். பிள்ளைகளுக்கு அது முதல் வேடிக்கை.

அந்தக் கரும்புக் காட்டுக்கும் ஒரு கதை உண்டு. தோட்டத்தில் உழைத்து வாழ்ந்த நமக்கு அது எளிதில் புரியும். 1863 முதல் 1904 வரை வானுவாட்டு, சாலமன் தீவுகள் முதலிய பசிபிக் தீவுகளிலிருந்து ஏறத்தாழ 62,000 தடவை ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் சிலர் விரும்பி வந்தவர்கள். பலர் ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுவரப்பட்டவர்கள். காடு வெட்டி, கரும்பு நட்டு, அந்த மாநிலத்தின் சர்க்கரைத் தொழிலை உருவாக்கியவர்கள் அவர்களே. பிறகு 1901ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாட்டைவிட்டு அனுப்பியது. தங்கிவிட்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் மெக்காய் வட்டாரத்தில் வாழ்கின்றனர்.

கரும்புத் தோட்டம் முடிந்ததும் சாலை செங்குத்தாக மலை ஏறுகிறது. 600 மீட்டருக்கும் மேல் ஏறினால் குளிர்ந்த காற்று. மேகம் தவழும் மழைக்காடு. அங்கே புரோக்கன் ரிவர் என்ற சிற்றாறு ஓடுகிறது. பிளாட்டிபஸைப் பார்ப்பதற்காகவே அதன் கரையில் மேடைகள் கட்டியிருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடலாம். காட்டுப் பாதையில் நடக்கலாம். தண்ணீரில் ஆமைகள் தலை நீட்டும். நீல நிற மீன்கொத்தி கிளையிலிருந்து அம்புபோல் பாயும்.

ஆனால் பிளாட்டிபஸ் நாம் அழைத்தால் வராது. விடியற்காலையிலும் பொழுது சாயும் வேளையிலுமே பெரும்பாலும் வெளிப்படும். கரையில் யாராவது ஓடினாலோ, கல் எறிந்தாலோ, உரக்கப் பேசினாலோ நீருக்குள் மறைந்துவிடும். ஆகையால் அம்மாவும் அப்பாவும் பிள்ளைகளும் வாய் மூடி உட்கார்ந்திருப்பார்கள். முதலில் நீர்மேல் சிறு குமிழிகள் வரிசையாகத் தோன்றும். பிறகு வட்டமாக அலை விரியும். அதன் நடுவே பழுப்பு நிற முதுகு ஒன்று மேலே வந்து, சில விநாடிகள் மிதந்து, மறுபடியும் மூழ்கிவிடும். அவ்வளவுதான் காட்சி. அந்தச் சில விநாடிகளுக்காக ஒரு மணி நேரம் காத்திருப்பவர்களும் உண்டு.

நீருக்கடியில் அது என்ன செய்கிறது? கண்ணை மூடிக்கொள்கிறது, காதையும் மூக்கையும் மூடிக்கொள்கிறது. பிறகு எப்படி இரை தேடுகிறது? சிறு இறாலோ புழுவோ அசையும்போது அதன் தசையில் மிக நுண்ணிய மின்சாரம் உண்டாகும். பிளாட்டிபஸின் அலகில் உள்ள பல்லாயிரம் நுண் உறுப்புகள் அந்த மின்சாரத்தை உணர்ந்துவிடுகின்றன. அகப்பட்ட இரையைக் கன்னப் பையில் அடக்கிக்கொண்டு மேலே வந்துதான் மென்று தின்னும். தாய் கரையில் வளை தோண்டிப் பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். பொரித்து வந்த குட்டிகளுக்குப் பால் கொடுக்க அதற்கு மார்புக் காம்பு இல்லை. வயிற்றுத் தோலிலிருந்து வேர்வைபோல் கசியும் பாலைக் குட்டிகள் குடிக்கும். ஆண் விலங்கின் பின்காலில் நச்சு முள் உண்டு. அது குத்தினால் மனிதனுக்குக் கடுமையான வலி உண்டாகும். ஆகவே இதைக் கையால் தொடக்கூடாது.

1799இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய அறிஞர் இதன் பதப்படுத்திய உடலை ஆராய்ந்தபோது, யாரோ வாத்தின் அலகை வேறொரு விலங்கின் உடம்பில் தைத்துவிட்டார்களோ என்று ஐயுற்றார். இது முட்டையிடுமா, குட்டி போடுமா என்ற வாதம் ஐரோப்பாவில் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 1884இல் வில்லியம் கால்டுவெல் என்ற விஞ்ஞானி குவீன்ஸ்லாந்தின் பர்னெட் ஆற்றங்கரையில் அது முட்டையிடுவதை உறுதிப்படுத்தினார். அவருக்காக ஆற்றில் தேடித் திரிந்தவர்கள் அந்த மண்ணின் ஆதிக்குடி மக்கள். ஆற்றோடு வாழ்ந்தவர்களின் துணை இல்லாமல் அறிஞர்களின் வாதம் அன்று முடிந்திருக்காது.

நேயர்களே, இனி வருத்தம் தரும் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். இதே யங்கெல்லா மலையின் ஓடைகளில் 1984ஆம் ஆண்டு ஒரு புதிய தவளையினத்தைக் கண்டுபிடித்தார்கள். தாய்த் தவளை தன் முட்டைகளை விழுங்கி, வயிற்றுக்குள்ளேயே அவற்றை வளர்த்து, பிறகு வாய் வழியே சிறு தவளைகளை வெளியே விடும். உலகமே வியந்தது. ஆனால் 1985ஆம் ஆண்டுக்குப் பிறகு அந்தத் தவளையை எவரும் காணவில்லை. இன்று அது அழிந்த இனமாகக் கருதப்படுகிறது. தவளைகளைக் கொல்லும் ஒருவகைப் பூஞ்சை நோயே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகின்றனர். தெளிந்த நீரும் அடர்ந்த காடும் அப்படியே இருந்தன. உள்ளே வாழ்ந்த உயிர் மட்டும் போய்விட்டது.

அந்தப் பூஞ்சை ஈர மண்ணிலும் நீரிலும் ஒட்டிக்கொண்டு ஓடைக்கு ஓடை பரவக்கூடியது. ஆகையால்தான் ஓர் ஓடையிலிருந்து மற்றோர் ஓடைக்குப் போகும்முன் காலணியில் ஒட்டிய சேற்றைக் கழுவி உலர்த்துங்கள் என்று அங்கே சொல்லித்தருகிறார்கள்.

பூஞ்சை தவளைக்கு எமன். பிளாட்டிபஸுக்கோ ஆபத்து வேறு வழிகளில் வருகிறது. பிள்ளைகள் தலைமுடி கட்டும் ரப்பர் வளையம், அறுந்த தூண்டில் கயிறு, டப்பா மூடியின் பிளாஸ்டிக் வளையம் ஆகியவை நீரில் விழுந்தால், சேற்றைக் கிளறும் பிளாட்டிபஸின் கழுத்தில் மாட்டிக்கொள்ளும். கையால் கழற்ற அதற்கு வகையில்லை. நாளாக ஆக அந்த வளையம் தோலையும் சதையையும் அறுத்துவிடும். வளையங்களைக் கத்தரித்துக் குப்பையில் போட வேண்டும் என்பது இதனால்தான்.

அடுத்தது கூண்டு வலை. யாபி என்ற நன்னீர் இறால் வகையைப் பிடிக்க, மேல்பக்கம் மூடிய வலைக்கூண்டை நீரில் இறக்குவது அந்நாட்டில் பழைய வழக்கம். இரையை நாடி உள்ளே நுழையும் பிளாட்டிபஸ் வெளியேற வழி தெரியாமல், மூச்சு விட மேலே வரமுடியாமல், சில நிமிடங்களில் மூழ்கி இறந்துவிடும். ஒரே கூண்டில் பல பிளாட்டிபஸ்கள் இறந்து கிடந்ததும் உண்டு. விக்டோரியா மாநிலம் இவ்வகைக் கூண்டுகளை 2019இல் தடைசெய்தது. நியூ சவுத் வேல்ஸ் 2021இல் தடைசெய்தது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2016இல் பிளாட்டிபஸை அழிவாபத்தை நெருங்கும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. வறட்சியும், அணைகளும், கரையோர மரங்களை வெட்டுவதும் அதன் வாழ்விடத்தைச் சுருக்கி வருகின்றன.

ஓடைக்குப் போகும் குடும்பம் தன்னையும் காத்துக்கொள்ள வேண்டும். மலையில் மழை பெய்தால் கீழே ஓடை திடீரென்று பெருகும். வெள்ளம் மூடிய சாலையில் வண்டியை இறக்காதே என்பது குவீன்ஸ்லாந்தில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த பாடம். அந்த மாநிலத்தின் வடபகுதியில், தாழ்நில ஆறுகளிலும் கழிமுகங்களிலும் பெரிய முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் நீரில் இறங்கக்கூடாது. நீர்விளிம்பிலிருந்து குறைந்தது ஐந்து மீட்டராவது தள்ளியே நிற்க வேண்டும். மழைக்காட்டில் தொட்டால் பல நாள் வலிக்கும் முள்மயிர்ச் செடி இருப்பதால் பிள்ளைகள் பாதையை விட்டு விலகக்கூடாது. அட்டைக் கடியைப் பற்றி நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை! மாலையில் திரும்பும்போது கங்காரு சாலையில் குறுக்கே பாயும். வண்டியை மெதுவாகவே ஓட்ட வேண்டும்.

தேசியப் பூங்காவுக்கு நாயைக் கொண்டுபோகக்கூடாது. விலங்குகளுக்குத் தீனி போடக்கூடாது. கொண்டுபோன குப்பையைத் திருப்பி எடுத்துவர வேண்டும். இவற்றைக் கேட்டால் பிள்ளைகளுக்கு எல்லாம் தடையாகவே தோன்றும். ஆனால் கரையில் மூச்சடக்கி உட்கார்ந்து அந்தப் பழுப்பு முதுகை ஒருமுறை கண்ட பிள்ளைக்கு யாரும் காரணம் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்ததும் அதுவே ரப்பர் வளையத்தைக் கத்தரிக்கும். அப்பாவின் பழைய கூண்டு வலையையும் கேள்வி கேட்கும். அந்நாட்டுக் குடும்பங்கள் ஒரு பகல் பயணத்தில் பெற்றுவரும் பலன் இதுவே.

தாய்மார்களே, தந்தைமார்களே, உங்கள் பிள்ளைகளும் கேள்வி கேட்பார்கள். இன்று இரவு சாப்பிடும்போது அந்த விடுகதையை அவர்களிடம் போட்டுப் பாருங்கள். விடை சொன்னபின், வயிற்றில் பிள்ளை வளர்த்த தவளையின் கதையையும் சொல்லுங்கள்.