நூறு ரூபாய் செருப்பும் கருவேல முள்ளும்

கல்யாண ஜவுளி எடுக்க வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கு வரும் கிராமத்துக் குடும்பங்கள், கையோடு நடைபாதைக் கடையில் ஆளுக்கொரு ஜோடி செருப்பும் வாங்கிக்கொள்வது உண்டு. விலை குறைவு, பார்க்கவும் பளபளப்பு. கல்யாண வீட்டுக்கு அது தாராளமாகப் போதும். அதே செருப்பு அடுத்த மாதம் வயலுக்குப் போகும்போதுதான் சிக்கல்.

கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருப்பது பெரும்பாலும் ஈ.வி.ஏ. நுரை. உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழிகள். நடக்க நடக்கக் குதிகால் பக்கம் அமுங்கிவிடும். சீமைக்கருவேல முள் சுலபமாக ஏறிவிடும். பி.வி.சி. செருப்பு ஈர வரப்பில் வழுக்கும், வெயிலில் கிடந்தால் இறுகி வெடிக்கும்.

120 ரூபாய் செருப்பு 3 மாதத்தில் அறுந்தால் மாதச் செலவு 40 ரூபாய். 480 ரூபாய் செருப்பு 2 வருடம் வந்தால் 20 ரூபாய்தான். ஆனால், விலை கூடினாலே உழைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அடிப்பாகத்தை வளைத்துப் பாருங்கள். வார் வெறும் பசையில் நிற்கிறதா, தைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். அறுந்தால் தைத்துக்கொள்ள முடிகிற செருப்புதான் லாபம்.

அந்த வகையில் பழைய லாரி டயரில் செய்யும் டயர் செருப்பை மிஞ்ச ஆள் இல்லை. டயருக்குள் இருக்கும் நைலான் அடுக்கு முள்ளைத் தடுக்கும். இப்போது கம்பி வைத்த ரேடியல் டயர்கள் பெருகிவிட்டன. அதில் வெட்டிய செருப்பில் கம்பி நீட்டிக்கொண்டு காலைக் குத்தும். நைலான் டயர்தானா என்று கேட்டு வாங்குங்கள். கனம்தான் அதன் குறை.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் இந்தச் செருப்பைத் தொடவே வேண்டாம். அது உரசிப் புண்ணானாலும் அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு எம்.சி.ஆர். என்கிற மிருதுவான நுண்துளை ரப்பர் செருப்புதான் சரி. வேலூரில் தொழுநோயாளிகளின் உணர்வற்ற பாதங்களைக் காக்க மருத்துவர் பால் பிராண்ட் குழுவினர் பாடுபட்ட காலத்திலிருந்து இங்கே புழக்கத்தில் உள்ள ரப்பர் அது. பின்பக்கம் வார் வைத்ததாக இருக்கட்டும். மரத்த காலிலிருந்து செருப்பு கழன்றாலும் தெரியாதே!

ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களுக்கு எந்தச் செருப்பும் போதாது. இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் இறப்பதாக 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. கடி பெரும்பாலும் காலில்தான். முழங்கால் அளவு ரப்பர் பூட்ஸ் வாங்குங்கள். நடவுச் சேற்றில் அது புதைந்துகொள்ளும். வரப்பு நடைக்கும் கரும்பு வெட்டுக்கும் நல்லது. எம்.சி. ரோடு வந்தால் பக்கத்திலேயே காசிமேடு. அங்கே மீன்பிடி சாமான் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் பூட்ஸைக் கழுவி நிழலில் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் கால் விடும் முன்பு நன்றாக உதறிவிடுங்கள், உள்ளே தேள் இருக்கலாம்.