புதிய மீனவர்க்குக் கணிப்பொறி தரும் துணை

2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகரத்தை அடுத்து, தென் அந்தமானில் உள்ள ஊர் புரோத்ராபூர். இவ்வூர் இளைஞன் ஒருவன் மீன்பிடி தொழிலைப் புதிதாகக் கற்க முற்படுகிறான் எனக் கொள்க. வலை வீசும் முறை பழகப் பழகக் கைவரும். ஆனால், பரந்த கடலில் மீன் எங்கே திரளும் என்று அறிதல் எளிதன்று. நீரின் நிறம், நீரோட்டம், காற்று, பறவைகளின் போக்கு ஆகியவற்றை ஒருங்கே நோக்கியே அனுபவம் மிக்கோர் அதனை முடிவு செய்கின்றனர்.

இங்கே கணிப்பொறி துணைக்கு வருகிறது. ஐதராபாத்தில் 1999ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், மீன் திரளக்கூடிய இடங்களை மீனவர்க்கு அறிவித்து வருகிறது. கடற்பரப்பின் வெப்பநிலையும், நீரிலுள்ள பச்சையத்தின் அளவும் செயற்கைக் கோள்களால் அளக்கப்படுகின்றன. கணிப்பொறிகள் அவற்றை ஆராய்கின்றன. குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் எல்லைகளில் நுண்ணிய தாவர உயிர்கள் பெருகக்கூடும். அங்கே இரை தேடிச் சிறு மீன்கள் கூடும். அவற்றைத் தேடிப் பெரிய மீன்கள் வரும். செல்ல வேண்டிய திசை, தொலைவு, அவ்விடத்தின் ஆழம் ஆகியன அறிவிப்பில் அடங்கும். அந்தமான் கடலுக்கும் இவ்வறிவிப்பு உண்டு. சென்னையைத் தீவுகளுடன் இணைக்கும், ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்ட் 10ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டதால், இத்தகைய செய்திகள் விரைந்து எட்ட வழி ஏற்பட்டது.

துணைக் கருவி ஆசிரியனுமாகுமா? 1976ஆம் ஆண்டில் உட், புரூனர், ராஸ் என்னும் மூவர், 3 முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகள் மரக்கட்டைகளைப் பொருத்திக் கூம்பகம் (பிரமிடு) அமைக்கக் கற்பதை ஆராய்ந்து வெளியிட்டனர். கற்பிப்பவர் தரும் உதவியை அவர்கள் கட்டடச் சாரத்திற்கு ஒப்பிட்டனர். சுவர் எழுந்தபின் சாரம் பிரிக்கப்படுவதுபோல, தேர்ச்சி பெருகப் பெருக உதவியும் குறைதல் வேண்டும்.

இவ்வுண்மை கடலில் தெளிவாகும். மேகம் மூடிய கடற்பரப்பின் வெப்பத்தையும் நிறத்தையும் இச்செயற்கைக் கோள்கள் காண இயலாது. எனவே அறிவிப்புக்குத் தடை நேரும். அறிவிப்பின்படி படகைச் செலுத்த மட்டும் பழகியவன் அன்று மீண்டும் புதியவனே ஆவான். ஆகவே, முதலில் தானே இடத்தைக் கணித்தல், பின்னர் அறிவிப்போடு ஒப்பிடுதல், வேறுபடின் அதன் காரணத்தை முதியோரிடம் வினவுதல் என்னும் முறையே நன்று. இவ்வாறு பயில்வோனுக்கு அறிவிப்பு கிடைக்கும் ஒவ்வொரு நாளும், அது கிடைக்காத நாளுக்குரிய பயிற்சியாக அமையும்.