ஆடா, புலியா? கேட்காம ஆரம்பிச்ச ஆட்டம்

எங்க டேபிள்ல ஒரு சண்டை நடந்துச்சு, அதைத் தனியா பேசறேன்னு போன எபிசோட்ல சொல்லியிருந்தேன். அதுதான் இன்னைக்கு.

முதல்ல, புதுசா கேட்கிறவங்களுக்கு. டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்ல ஒருத்தர் கேம் மாஸ்டர். உலகத்தையும் எதிரிகளையும் அவர்தான் நடத்துவார். மத்தவங்களுக்கு ஆளுக்கு ஒரு கேரக்டர். என்ன செய்யறோம்னு வாயால சொல்லணும், அது நடந்துச்சா இல்லையான்னு 20 முக டைஸ் சொல்லும். கோட்டக்குப்பத்துல எங்க வீட்டு மொட்டை மாடியில, ஞாயிறு சாயங்காலம் நாலு பேர் ஆடுவாங்க, நான் கேம் மாஸ்டர். ஆட்டம், 2014-ல வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு.

அன்னைக்குக் கதையை மரக்காணம் பக்கம் வச்சிருந்தேன். ஐப்பசி மழை, உப்பு எடுக்கிற வேலை நின்னுபோன சமயம், பாத்தியெல்லாம் மழைத்தண்ணி. ஆளில்லாத அந்த உப்பளத்துல நாலு காப்ளின் ஒளிஞ்சிருக்கு.

ஏன் நாலு? விதிப்புத்தகத்துல இதுக்குக் கணக்கு இருக்கு. ஒரு காப்ளினுக்கு 50 புள்ளி, நாலுக்கு 200. ஆனா எதிரிகள் 3 முதல் 6 வரைக்கும் இருந்தா அதை ரெண்டால பெருக்கணும். நாலு எதிரின்னா ஒவ்வொரு சுத்துலயும் நாலு அடி வருமே, அதுக்காக. ஆக 400. முதல் லெவல் கேரக்டருக்கு 'உயிருக்கே ஆபத்து'ங்கிற எல்லை 100, நாலு பேருக்கு அதுவும் 400. மூணு காப்ளின் வச்சிருந்தா 300, வெறும் 'கஷ்டம்'. ஸ்ப்ரெட்ஷீட்ல ரெண்டு 400-ம் பொருந்தினதைப் பார்த்தப்போ, எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆன மாதிரி சந்தோஷம் எனக்கு.

ஆட்டத்துல மூணாவது சுத்துலயே சித்தி பையனோட வீரன் கீழே விழுந்துட்டான். இன்னொரு அடி விழுந்தா செத்துடுவான். ஸ்க்ரீனுக்குப் பின்னாடி உருட்டினேன், 17. அடி கண்டிப்பா விழும். நான் வாயைத் திறந்து "மூணு"ன்னு சொன்னேன்.

பக்கத்துல உட்கார்ந்திருந்த ஃப்ரெண்ட் டைஸைப் பார்த்துட்டான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். ஆனா தம்பி சிரிக்கலை.

"அண்ணா, அப்போ போன வாரம் பாலத்துல நான் ஜெயிச்சது?"

என்கிட்ட பதில் இல்லை. ஏன்னா போன வாரமும் ஒரு தடவை மாத்திச் சொல்லியிருந்தேன்.

நான் காப்பாத்தினது அவனோட கேரக்டரை. எடுத்துக்கிட்டது அவனோட ஜெயிப்பை. அதுவும் அவன்கிட்ட கேட்காமலே.

அதே டேபிள்ல பேங்க்ல வேலை பார்க்கிற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. "நாள் முழுக்க கவுன்ட்டர்ல திட்டு வாங்கிட்டு வரேன்பா, இங்கேயும் சாகணுமா? நீ செஞ்சதுல எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியலை"ன்னாங்க. அவங்களுக்கு அந்தக் காப்ளின்கிட்ட பேச்சு குடுக்கணும், அவ்வளவுதான். அடிதடியே வேண்டாம்.

இந்தப் பிரச்சினை ஆட்டத்தோட வயசு பழசு. 1974-ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இதை வெளியிட்டாங்க. அடுத்த வருஷமே, தங்களை யாராலயும் வீழ்த்த முடியாதுன்னு நினைச்ச ஆட்டக்காரங்களுக்காக கைகாக்ஸ் 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்'னு ஒரு கல்லறையை வடிவமைச்சு, ஆரிஜின்ஸ் மாநாட்டுப் போட்டியில ஆடவிட்டார். வழியெல்லாம் பொறி, தப்பான இடத்துல கைவச்சா சாவு. அதை ரசிச்சவங்களும் உண்டு, வெறுத்தவங்களும் உண்டு. 1980-ல கிளென் பிளாகோ ஆட்டக்காரங்களோட ருசியை நாலா பிரிச்சு ஒரு கட்டுரை எழுதினார். 2002-ல ராபின் லாஸ் அதை விரிச்சு ஏழாக்கினார்: பலம் சேர்க்கிறவர், அடிதடி விரும்பி, வியூகம் போடுறவர்னு போகும். எனக்கு இந்த லேபிள்கள் மேல பெரிய நம்பிக்கை கிடையாது. ஆஃபீஸ்ல ரிலீஸ் முடிஞ்ச வாரம் நானே சும்மா சிரிக்கத்தான் வருவேன், மத்த வாரம் வியூகம் போடுவேன். ஆனா ஒவ்வொரு ஆளும் எதுல கிக் தேடி வர்றாங்கன்னு பாருன்னு லாஸ் சொல்றாரே, அது சரி.

என் ஸ்ப்ரெட்ஷீட் எவ்வளவு ஆபத்துன்னு சொல்லுச்சு. யாருக்கு அது வேணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?

நம்ம ஆடு புலி ஆட்டத்தை எடுத்துக்கோங்க. 3 புலி, 15 ஆடு. புலிக்கு வேலை வெட்டுறது, ஆட்டுக்கு வேலை புலியை நகரவிடாம அடைக்கிறது. ரெண்டும் வேற வேற கஷ்டம். திண்ணையில உட்கார்ந்ததும் முதல் கேள்வியே "உனக்கு ஆடா, புலியா?"தான். நான் அந்தக் கேள்வியைத் தாண்டிட்டு நேரா காய் வைக்க ஆரம்பிச்சுட்டேன்.

அடுத்த ஞாயிறு ஆட்டமே இல்லை, பேச்சு மட்டும். அக்கா கேரக்டர் சாகாது. ஆனா தோத்தா பிடிபடும், பொருள் போகும், காப்பாத்த வந்த ஊர்க்காரங்க நம்பிக்கை போகும். "சரி, அது பரவாயில்லை, அது நல்லாவே இருக்கு"ன்னாங்க. ஒரே சண்டையில ஒருத்தர் சாகலாம், ஒருத்தர் சாகக்கூடாதுன்னா அது நியாயமான்னு ஃப்ரெண்ட் கேட்டான். முழுசா நியாயம் இல்லைதான். ஆனா நாலு பேருக்கும் தெரிஞ்சே எடுத்த முடிவு.

தம்பி அன்னைக்கு வரலை. மூணு வாரம் கழிச்சு வந்தான். வந்ததும் என் ஸ்க்ரீனை மடிச்சு தண்ணி டேங்க் மேல வச்சான். கீழே போய் அம்மாகிட்ட கேட்டு ஒரு எவர்சில்வர் தட்டு எடுத்துட்டு வந்து நடுவுல போட்டான். "இனிமே இதுலதான் உருட்டணும்"னான். காப்ளின் டைஸ் அதுல விழுற சத்தம் பக்கத்து மாடி வரைக்கும் கேக்குது.

முதல் சண்டையிலேயே அவன் வீரன் செத்துட்டான். புது கேரக்டர் ஷீட் ஒண்ணு குடுங்கண்ணான்னு கை நீட்டினான்.