நெட் வயரின் மேல்தோலை உரிப்பது எப்படி?



சென்ற மாதம் நமது கூட்டமைப்பு அலுவலகத்தில் நான்கு நாட்கள் நெட் வரவில்லை. மோடத்தில் இருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் வயரை எலி கடித்துவிட்டது. இரண்டு குழுக்களின் கடன் விண்ணப்பம் அனுப்ப முடியாமல் நின்றுபோனது. ரிப்பேர் செய்பவரைக் கூப்பிட்டோம். "நாளைக்கு வரேங்க" என்றவர் நான்காம் நாள்தான் வந்தார். கால் மணி நேர வேலை, 400 ரூபாய். பக்கத்தில் நின்று பார்த்த கணக்காளர் அக்கா, "இவ்வளவுதானா? இதை நாமளே பண்ணலாமே" என்றார்.

பழைய வயர் துண்டுகளை வைத்து நாங்களும் பழகிப் பார்த்தோம். முதலில் அரிவாள்மணையில் வைத்து அழுத்தினோம். மேல்தோலோடு உள்ளே இருந்த கம்பியும் அறுந்தது. ஆறு துண்டு வீணான பிறகுதான் கை பழகியது. பின்னைப் பொருத்துவது பெரிய கஷ்டம் இல்லை. மேல்தோலைச் சரியாக உரிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

வயருக்குள் என்ன இருக்கிறது?

நெட் வயருக்குள் எட்டு மெல்லிய கம்பிகள் இருக்கும். இரண்டிரண்டாக முறுக்கி, நான்கு ஜோடியாக வைத்திருப்பார்கள். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு ஆகிய நான்கு நிறங்கள். ஒவ்வொன்றுக்கும் வெள்ளையில் அந்த நிறக் கோடு போட்ட ஒரு துணை. கயிறு திரிப்பது போல முறுக்கி இருப்பது அழகுக்காக இல்லை. ஒரு ஜோடியில் போகும் தகவல் அடுத்த ஜோடியில் கலக்காமல் இருக்கத்தான். சில வயர்களில் நடுவில் கூட்டல் குறி போல ஒரு பிளாஸ்டிக் தடுப்பும், கூடவே ஒரு நூலும் இருக்கும்.

தொடங்கும் முன்

1. இது நெட் வயர்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். கரண்ட் வயரை ஒருபோதும் தொட வேண்டாம். சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

2. வயரின் இரண்டு முனைகளையும் கழற்றிவிடுங்கள். கேமராவுக்குப் போகும் சில நெட் வயர்களில் மின்சாரமும் போகும்.

உரிக்கும் முறை

1. கெட்டுப்போன பகுதியை வெட்டி எறிந்து, முனையை நேராக வெட்டிக்கொள்ளுங்கள்.

2. முனையில் இருந்து இரண்டு விரல் அகலம், அதாவது சுமார் 3 சென்டிமீட்டர் தள்ளி அடையாளம் வையுங்கள்.

3. அந்த இடத்தில் ஸ்ட்ரிப்பரை வைத்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஸ்ட்ரிப்பர் இல்லாவிட்டால் பிடி உள்ள சின்னக் கத்தியால் சுற்றிலும் லேசாகக் கீறினால் போதும். வெறும் பிளேடு வேண்டாம், விரலை அறுத்துவிடும். தோல் முழுவதும் அறுபடும் அளவுக்கு அழுத்தக் கூடாது.

4. கீறிய இடத்தில் வயரை மெதுவாக வளையுங்கள். தோல் தானாகப் பிளந்துவிடும். பிறகு இழுத்தால் உறை போலக் கழன்று வந்துவிடும். சின்ன வெங்காயத்தின் தோலை உரிக்கும்போது உள்ளே காயம் படுவதில்லை அல்லவா? அதே கைப்பக்குவம்தான்.

நூல் எதற்கு?

நீளமாக உரிக்க வேண்டுமானால் கத்தியே தேவையில்லை. அரிசி மூட்டையின் தையல் நூலை இழுத்தால் வாய் திறந்துகொள்கிறதே, அது போலத்தான். முனையில் கொஞ்சம் தோலை உரித்து, நூலைத் தேடி எடுத்து, பின்பக்கமாக இழுங்கள். மேல்தோல் நீளவாக்கில் கிழிந்துகொண்டே போகும். நூலை வெறும் விரலில் சுற்றாதீர்கள், கையை அறுக்கும். குறட்டில் சுற்றி இழுங்கள். முதலில் கத்தி பட்ட முனையைக் கடைசியில் வெட்டி எறிந்துவிட்டால், மீதிக் கம்பிகளில் கத்தியே பட்டிருக்காது.

உரித்த பிறகு

எட்டுக் கம்பிகளையும் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். எங்காவது கீறலோ, செம்போ தெரிந்தால் அந்த முனையையே வெட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். "பரவாயில்லை" என்று விட்டால் இன்றைக்கு நெட் வரும். பத்து நாள் கழித்து வயர் அசையும்போது கம்பி ஒடிந்து, எங்கே கோளாறு என்று தெரியாமல் தவிப்போம்.

முறுக்கைத் தேவைக்கு மேல் பிரிக்க வேண்டாம். பின்னுக்குள் போக அரை அங்குலம் போதும். பின்னின் உலோகப் பற்கள் மேலே தெரியும்படியும், வயர் நம் பக்கம் இருக்கும்படியும் பிடித்தால், இடமிருந்து வலமாக நிற வரிசை இதுதான்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை வர வேண்டும்.

மேல்தோலும் கொஞ்சம் பின்னுக்குள் போக வேண்டும். கிரிம்பிங் டூலால் அழுத்தும்போது பின் அந்தத் தோலைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். தோல் வெளியே நின்றுவிட்டால், யாராவது காலில் வயரை இடறும்போது இழுப்பு முழுவதும் மெல்லிய கம்பிகளின் மேல் விழும்.

இதைச் செய்யாதீர்கள்

பல்லால் கடித்து உரிக்க வேண்டாம். பழைய வயரை எரித்துச் செம்பு எடுக்கவும் வேண்டாம். இந்தத் தோல் பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக். எரித்தால் மூச்சை அடைக்கும் அமில வாயுவும், டையாக்சின் என்ற நஞ்சும் வரும். அடுப்படிப் பக்கத்தில் விளையாடும் நம் பிள்ளைகள்தான் அந்தப் புகையைச் சுவாசிப்பார்கள். கிடைக்கும் கொஞ்சம் காசுக்கு இது தேவையா? அப்படியே பழைய சாமான் கடையில் போடுங்கள்.

வங்கிக்குத் தனியாகப் போகப் பயந்த நாம், இன்று நம் கணக்கை நாமே கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம். ஒரு வயர் கெட்டதற்காக நான்கு நாள் காத்திருக்க வேண்டுமா? அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பழைய வயர் துண்டுகளும் கிரிம்பிங் டூலும் கொண்டு வருகிறோம். ஒவ்வொரு குழுவில் இருந்தும் ஒருவராவது கையில் எடுத்து உரித்துப் பாருங்கள். முதல் துண்டு வீணானால் கவலை வேண்டாம். எங்களுக்கு ஆறு துண்டு வீணானது!