விலையில்லாக் கோடை இன்பங்கள்

கோடை பிறந்ததும் உதகைக்கும் ஏற்காட்டுக்கும் பிரயாணம் போகிறவர்களைப் பற்றியே எங்கும் பேச்சு. மலைவாசத்துக்குப் பணமும் ஓய்வும் உள்ளவர்கள் சிலரே. மற்றப் பெருந்திரளான ஜனங்களுக்குக் கோடை என்பது வெறும் வெயில்தானா? அன்று என்கிறோம் நாம். பங்குனிப் பிற்பகுதி முதல் வைகாசி வரையில் காசு கேளாமல் இயற்கை அளிக்கும் இன்பங்கள் பல உண்டு. ஈரோட்டுக்கு எதிரே, காவிரியின் கிழக்குக் கரையில் உள்ள பள்ளிபாளையத்தை வைத்தே இதை ஆராய்வோம்.

முதலில் கனிகள். இலந்தைப் பருவம் ஓய்ந்ததும் கொடுக்காப்புளி பழுக்கிறது. சுருண்ட காய் வெடித்து வெள்ளையும் சிவப்புமாய்ச் சதை தெரிந்தால் போதும். தொரட்டியும் கையுமாகச் சிறுவர் படை புறப்பட்டுவிடும். இம்மரத்தின் தாயகம் மெக்ஸிகோவும் அதை அடுத்த நாடுகளும். ஆயினும் அதை அந்நியம் என்று சொல்வார் இன்று எவருமில்லை. அடுத்து வருவது நுங்கு. அதன் கண்களைப் பெருவிரலால் தோண்டி உறிஞ்சுவது ஓர் இன்பம். வெறுங்கூட்டைக் குச்சியில் கோத்து வண்டியாக உருட்டுவது மற்றோர் இன்பம். கரட்டுப் புதர்களில் களா காய்க்கிறது. பச்சையாய்ப் பறித்தால் ஊறுகாய். கறுக்க விட்டால் பழம். கையில் முள் கீறாமல் களாப்பழம் தின்றவர் உண்டோ?

உலாவுவதும் இத்தகைய இன்பமே. விடியற்காலையில் பள்ளிபாளையக் கரையில் நடப்பவருக்குச் சூரியன் முதுகுப்புறம் உதிக்கிறது. எதிர்க்கரை வீடுகளின் மேல் முதல் வெளிச்சம் படிகிறது. மாலையில் ஆற்றுக்கு அப்பால் ஈரோட்டின் பக்கமாகச் சூரியன் சாய்கிறது. 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையிலிருந்து டெல்டாப் பாசன நீரை ஜனவரி 28-இல் நிறுத்தி ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். ஆகையால் இம்மாதங்களில் ஆறு ஆரவாரம் அடங்கியிருக்கும். புங்கை தளிர்த்து நிழல் தரும். வேம்பு பூத்து மணக்கும். குயிலின் குரல் கேட்கும். தேகத்துக்கும் மனத்துக்கும் ஒருங்கே நலம் தரும் இம்மருந்துக்கு விலை ஒரு காசுமில்லை.

ஆனால், விலையில்லாத பொருள் காவலில்லாத பொருளாகவும் ஆகிவிடலாமா? இவ்வின்பங்கள் நிலைக்க மூன்று வேண்டும்: மரம், கரை, பொழுது. சாலை அகலும்போது ஓரத்து மரம் சாய்கிறது. உயிர்வேலி இருந்த இடத்தில் கம்பிவேலி வருகிறது. பனையை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று தமிழக சர்க்கார் 2021-இல் அறிவித்தது நல்லதே. கொடுக்காப்புளிக்கும் களாவுக்கும் பரிந்து பேசுவார் யார்? ஆற்றங்கரையின் நிலையோ இன்னும் வருந்தத்தக்கது. சாயக்கழிவும் சாக்கடையும் காவிரியில் கலப்பதாகப் பள்ளிபாளையத்து ஜனங்கள் பல்லாண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். மூக்கைப் பிடித்துக்கொண்டு உலாவ எவரால் இயலும்?

எல்லாவற்றிலும் அரியது பொழுது. இவ்வூர் விசைத்தறிகளால் வாழும் ஊர். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு கட்டியது. ஆனால், மின்விசையுடன் பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்துக்கே அச்சட்டம் பொதுவாகப் பொருந்தியது. சிறு கொட்டகைத் தறிக்காரருக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு புதிதன்று. இரவெல்லாம் தறியின் இரைச்சலில் நின்றவர், விடியலில் ஆற்றங்கரைக்குப் போவாரா, பாயைத் தேடுவாரா? அவர் குழந்தையைக் கொடுக்காப்புளி பறிக்க அழைத்துச் செல்வது யார்?

பொதுஜனத் தொண்டில் ஈடுபட்ட அன்பர்கள் இதை அற்ப விஷயம் என்று தள்ளலாகாது. கூலி உயர்வு கேட்பது போலவே ஓய்வும் கேட்க வேண்டும். நகரசபையார் கரையோரம் புங்கையும் வேம்பும் நாவலும் வைத்து, வைத்ததோடு நில்லாமல் நீரும் ஊற்ற வேண்டும். கழிவு ஆற்றில் கலவாமல் தடுக்க வேண்டும். ஏழைக்கென்று இயற்கை வைத்திருக்கும் சொத்து இது ஒன்றே. அதைக் காப்பது தயவன்று, கடமை. வரும் ஆனியில் நாவல் கனியும். அதைப் பொறுக்கச் சிறுவருக்கு ஒரு மரமும், உடன் நடக்கத் தகப்பனுக்கு ஒரு மாலைப்பொழுதும் இருக்குமாறு செய்வது நம் கையிலேயே உள்ளது.